நாடாவை வெட்டி ஒட்டிக் கட்டிய பாட்டு: ‘குளோஸ் டு தி எட்ஜ்’ ஒரு மதிப்பீடு

‘குளோஸ் டு தி எட்ஜ்’ பிரிட்டனைச் சேர்ந்த ‘யெஸ்’ என்ற ராக் இசைக்குழு 1972 செப்டம்பரில் வெளியிட்ட பாட்டு. அதே பெயருள்ள இசைத்தட்டின் முதல் பக்கம் முழுவதையும் இந்த ஒரு பாட்டே எடுத்துக்கொண்டது. நீளம் 18 நிமிடங்களுக்கும் மேல். பிராகிரசிவ் ராக் எனப்படும் இசைவகைக்கு எடுத்துக்காட்டுச் சொல்ல வேண்டியபோதெல்லாம் இசையறிஞர்கள் முதலில் எடுப்பவற்றுள் இதுவும் ஒன்று. ஆனால் பதிவின்போது இந்தப் பாட்டை யாரும் முதலிலிருந்து முடிவுவரை ஒரே மூச்சில் வாசிக்கவில்லை. சிறு சிறு துண்டுகளாகப் பதிந்து, ஒலிநாடாவை வெட்டி ஒட்டித்தான் இது ஒரு பாட்டானது. இந்த வெட்டி ஒட்டும் முறை பாட்டுக்கு என்ன தந்தது, என்ன கேடு செய்தது என்பதை எடைபோட இதைவிடப் பொருத்தமான பாட்டு அரிது.

குழுவும் காலமும்

பாடகர் ஜான் ஆண்டர்சனும் பாஸ் கிட்டார் கலைஞர் கிறிஸ் ஸ்குவயரும் 1968இல் லண்டனில் யெஸ் குழுவைத் தொடங்கினர். டிரம்ஸ் வாசித்தவர் பில் புரூஃபர்டு. 1970இல் கிட்டார் கலைஞர் ஸ்டீவ் ஹவும் 1971இல் கீபோர்டு கலைஞர் ரிக் வேக்மனும் சேர்ந்தனர். இந்த ஐவர் அணி அதே ஆண்டில் வெளியிட்ட ‘ஃபிராஜைல்’ இசைத்தட்டும், அதிலிருந்த ‘ரவுண்டபவுட்’ பாட்டும் அமெரிக்காவில் நல்ல வரவேற்பைப் பெற்றன. அந்த வெற்றிதான் அடுத்த இசைத்தட்டில் துணிந்து இறங்க இடம் கொடுத்தது.

நீண்ட பாட்டுகளுக்குக் காலமும் கனிந்திருந்தது. மூன்று நிமிடப் பாட்டுக்கான சிறு தட்டைவிட, ஒரு பக்கத்தில் இருபது நிமிட அளவுக்கு இடமுள்ள பெரிய தட்டைத்தான் ராக் கேட்கும் இளைஞர்கள் அதிகம் மதித்தனர். தட்டின் ஒரு பக்கமே பாட்டின் வடிவமாயிற்று. பிங்க் ஃபிளாய்டின் ‘எக்கோஸ்’ 1971இலும், ஜெத்ரோ டல்லின் ‘திக் ஆஸ் எ பிரிக்’, ஜெனிசிஸின் ‘சப்பர்ஸ் ரெடி’ ஆகியவை 1972இலும் வந்தன.

வெட்டி ஒட்டும் வேலையும் ராக் உலகுக்குப் புதிதல்ல. பீட்டில்ஸ் குழுவின் ‘ஸ்டிராபெரி ஃபீல்ட்ஸ் ஃபாரெவர்’, வெவ்வேறு சுருதியிலும் வேகத்திலும் அமைந்த இரண்டு பதிவுகளை ஒட்டி உருவானது. ஜாஸில் மைல்ஸ் டேவிஸின் ‘பிட்சஸ் புரூ’ நீண்ட வாசிப்புகளைத் தயாரிப்பாளர் டியோ மசேரோ வெட்டிச் சேர்த்ததால் வடிவம் பெற்றது. அங்கெல்லாம் வாசித்து முடித்ததைப் பிறகு வெட்டினார்கள். யெஸ் குழுவோ வெட்டி ஒட்டுவதையே பாட்டு எழுதும் முறையாக்கிக்கொண்டது.

வேலை நடந்த விதம்

பதிவு லண்டனின் அட்விஷன் ஸ்டுடியோவில் நடந்தது. ஒலிப்பொறியாளரும், குழுவோடு சேர்ந்து இணைத் தயாரிப்பாளரும் எடி ஆஃபர்டு. ஆண்டர்சனும் ஹவும் மெட்டுத் துணுக்குகளையும் வரிகளையும் கொண்டுவருவார்கள். மற்ற மூவரும் அவற்றுக்குத் தாளமும் சுரச் சேர்க்கையும் கூட்டுவார்கள். முழுப் பாட்டு எப்படி இருக்கும் என்ற வரைபடம் எவரிடமும் இல்லை. முந்தைய நாள் ஒத்திகையில் உருவானதை மறுநாள் மறந்துவிடும் தொல்லையும் இருந்ததால் ஒத்திகைகளையும் நாடாவில் பிடித்துவைத்தனர். ஒரு துண்டு ஒத்துவந்ததும் பதிவு. பிறகு அடுத்த துண்டு. மேடைக் கச்சேரியின் உயிர்ப்பு வேண்டும் என்று ஆஃபர்டு ஸ்டுடியோவுக்குள்ளேயே மரமேடை போடச் செய்தார். டிரம்ஸின் அதிர்வு மரத்தில் எதிரொலித்து ஒலிக்குக் கனம் கூட்டியது.

துண்டுகளைச் சேர்ப்பது கைத்தொழில். நாடாச் சுருள்களைக் கையால் முன்னும் பின்னும் மெல்ல உருட்டி, ஒலிமுனையில் கேட்கும் உறுமலைக் கொண்டு டிரம் அடி விழும் இடத்தைப் பிடிக்க வேண்டும். அந்த இடத்தில் மெழுகுப் பென்சிலால் கோடு போட்டு, பள்ளம் வெட்டிய உலோகக் கட்டையில் நாடாவைக் கிடத்தி, ரேஸர் பிளேடால் சாய்வாக அறுத்து, அடுத்த துண்டின் முனையோடு பொருத்திப் பின்புறம் ஒட்டுப்பட்டை போட வேண்டும். நேராக அறுத்தால் ‘டப்’ என்று தெரியும். சாய்வாக அறுத்தால் ஒரு ஒலி இன்னொன்றுக்குள் நழுவும். நொடிக்கு 15 அங்குலம் ஓடும் நாடாவில் அரை நொடி இசை ஏழரை அங்குலம். ஓர் அங்குலம் பிசகினால் தாளம் இடறுவது பாமரக் காதுக்கும் தெரிந்துவிடும்.

தேர்ந்தெடுத்து வைத்திருந்த ஒரு துண்டைத் துப்புரவுப் பணியாளர் குப்பை என்று நினைத்து எறிந்துவிட, ஸ்டுடியோவுக்கு வெளியே இருந்த தொட்டிகளைக் கிளறி அதை மீட்ட கதை இந்தப் பதிவோடு சேர்ந்தே சொல்லப்படுகிறது. முறையின் இயல்பை அது நன்றாகவே காட்டுகிறது: பாட்டு யாருடைய நினைவிலும் முழுதாக இல்லை, தரையில் கிடந்த நாடாவில்தான் இருந்தது.

பாட்டின் அமைப்பு

பாட்டு நான்கு பகுதிகள் கொண்டது: ‘தி சாலிட் டைம் ஆஃப் சேஞ்ச்’, ‘டோட்டல் மாஸ் ரீடெய்ன்’, ‘ஐ கெட் அப், ஐ கெட் டவுன்’, ‘சீசன்ஸ் ஆஃப் மேன்’. கருத்துக்குத் தூண்டுதல் ஹெர்மன் ஹெஸ்ஸேயின் ‘சித்தார்த்தா’ நாவல். திருலோக சீதாராமின் மொழிபெயர்ப்பு வழியாகத் தமிழ் வாசகர்களுக்கும் பழக்கமானது. நாவலின் நாயகன் கடைசியில் ஆற்றங்கரையில் ஓடக்காரனோடு தங்கி, நதியின் ஒலியில் எல்லாக் குரல்களையும் கேட்கிறான். பாட்டும், பறவைகளின் ஒலியும் நீரோட்டமும் கலந்த சப்தத்தில் தொடங்கி அதிலேயே முடிகிறது.

நீரோசை மெல்ல வலுக்கும்போது அறிவிப்பின்றி வாத்தியங்கள் பாய்ந்துவருகின்றன. கிட்டார் கட்டுக்கடங்காமல் சிதற, பாஸ் படிப்படியாக மேலேற, டிரம்ஸ் எதிலும் பிடிகொடுக்காமல் ஓடுகிறது. அந்தக் களேபரம் உச்சத்தில் இருக்கையில் சொல்லில்லாத குரல்கள் குறுக்கே விழுந்து எல்லாவற்றையும் ஒரு கணம் நிறுத்துகின்றன, மீண்டும் களேபரம், மீண்டும் நிறுத்தம். அதற்குப் பிறகுதான் பாட்டின் முதன்மை மெட்டு தெளிந்து வருகிறது. பாடல் வரிகள் தொடங்கும்போது ஏறத்தாழ நான்கு நிமிடங்கள் கழிந்துவிடுகின்றன.

இரண்டாம் பகுதி முதல் பகுதியின் மெட்டையே வேறு தாளக்கட்டின் மேல் வைத்துப் பாடுகிறது. மூன்றாவதில் வேகம் அடங்குகிறது. டிரம்ஸ் விலகிக்கொள்ள, இரண்டு மெட்டுகள் ஒன்றுக்கொன்று மறுமொழி சொல்வதுபோல் ஊடுபாவாகச் செல்கின்றன. முதல் பகுதியில் போகிறபோக்கில் வந்த ஒரு சிறு வரி இங்கே விரிந்து தனிப் பகுதியாகவே வளர்கிறது. அதன் உச்சியில் தேவாலய ஆர்கன் முழங்குகிறது. லண்டனில் பார்பிகன் பகுதியிலுள்ள செயின்ட் ஜைல்ஸ் கிரிப்பிள்கேட் தேவாலயத்துக்குப் போய் வேக்மன் அதை வாசித்துப் பதிந்தார். கடைசிப் பகுதியில் தொடக்கக் களேபரத்தின் இசைப்பொருள் கீபோர்டின் கைக்கு மாறி, ஒழுங்குபெற்றுத் திரும்புகிறது. பின் முதன்மை மெட்டும், மூன்றாம் பகுதியாக விரிந்த அதே வரியும் சேர்ந்து பாட்டை முடிக்கின்றன.

ஜான் கோவாக், எட்வர்டு மேக்கன் போன்ற இசையறிஞர்கள் இதை மேலைச் செவ்வியல் இசையின் பெருவடிவங்களோடு ஒப்பிட்டு ஆராய்ந்திருக்கிறார்கள்.

முறையின் பலங்கள்

முதல் பலம், நினைவாற்றலின் எல்லையை அது உடைத்தது. மேலைச் செவ்வியல் இசையமைப்பாளருக்கு இசைக்குறிப்புத் தாள் இருந்தது. இருபது நிமிட இசையைத் தாளில் வைத்துத் திருத்தலாம். ராக் கலைஞர்கள் பெரும்பாலும் செவிவழிக் கலைஞர்கள். நாடா அவர்களுக்குத் தாளாகப் பயன்பட்டது. எழுதியதை வெட்டலாம், இடம் மாற்றலாம், நடுவில் புதியதைச் செருகலாம்.

இரண்டாவது, ஒரே அறைக்குள் சேராத ஒலிகளைச் சேர்த்தது. தேவாலயத்தின் ஆர்கனையும் ஸ்டுடியோவின் டிரம்ஸையும் எந்த மேடையிலும் அடுத்தடுத்து நிறுத்த முடியாது. நாடாவில் அவற்றுக்கிடையே உள்ள தொலைவு ஒட்டுப்பட்டையின் அகலம்தான். ஆர்கன் அடங்கிக் குழு திரும்பப் பாயும் இடத்தில் கேட்பவர் கோயிலிலிருந்து தெருவுக்குத் தள்ளப்பட்டதுபோல் திடுக்கிடுவது இதனால்தான்.

மூன்றாவது, ஒவ்வொரு துண்டுக்கும் முழுக் கவனம் கிடைத்தது. பதினெட்டு நிமிடப் பாட்டில் சோர்ந்து வாசித்த இடம் என்று ஒன்றைக் காட்டுவது கடினம். ஏனெனில் எந்தக் கலைஞரும் பதினெட்டு நிமிடம் தொடர்ந்து வாசிக்கவில்லை.

குறைகள்

ஒட்டு எல்லா இடத்திலும் மறைவதில்லை. கூர்ந்து கேட்டால் சில இடங்களில் ஒலியின் சூழலும் அழுத்தமும் சட்டென மாறுவது புலப்படும். ஆர்கன் முடியும் இடத்தில் அது அழகாகிறது; மற்ற இடங்களில் தையலாகவே தெரிகிறது.

இதைவிடப் பெரிய குறை, எல்லாமே சாத்தியம் என்றால் எதுவும் முடிவாவதில்லை. ஐந்து பேரும் ஒவ்வொரு துண்டையும் விவாதித்தனர். மாதக்கணக்கில் வேலை நீண்டது. அந்த இழுபறி தன்னைச் சலிப்படையச் செய்ததாகப் புரூஃபர்டு பின்னாளில் சொல்லியிருக்கிறார். பதிவு முடிந்த கையோடு அவர் விலகி கிங் கிரிம்சன் குழுவில் சேர்ந்தார். அவர் இடத்துக்கு வந்த ஆலன் ஒயிட், அமெரிக்கப் பயணத்துக்குச் சில நாட்களே இருந்த நிலையில் குழுவின் பாட்டுகளைக் கற்க வேண்டியதாயிற்று.

பாடல் வரிகளிலும் முறையின் தடம் தெரிகிறது. ஆண்டர்சன் சொற்களைப் பொருளுக்காக மட்டுமன்றி ஓசைக்காகவும் தேர்ந்தவர். துண்டு துண்டாக வளர்ந்த இசைக்கு அப்படிப்பட்ட சொற்கள் எளிதில் பொருந்தின. ஆனால் சித்தார்த்தனின் பயணத்தை வரிகளிலிருந்து மட்டும் ஒருவர் பின்தொடர முடியாது. நாவலின் அமைதியை நீரோசையும் மூன்றாம் பகுதியும் உணர்த்துகின்றன. வரிகள் அதைச் சுற்றி மின்னுகின்றன, அவ்வளவே. ஞானத்தைப் பாடுவதாகத் தோன்றி மயக்கத்தைத் தருகின்றன என்ற குற்றச்சாட்டை முழுதாக மறுக்க இயலாது.

வானொலியில் பாட்டை முழுதாகப் போடுவது எளிதல்ல என்பதும் ஒரு சிக்கல். இரண்டாம் பகுதியை மட்டும் தனியே பிரித்து ஒரு சிறு தட்டின் பின்பக்கத்தில் வெளியிட்டனர். ஒட்டியதைத் திரும்பப் பிரிக்க முடிந்தது உண்மை. ஆனால் முன்னும் பின்னும் இல்லாமல் கேட்கும்போது அந்தத் துண்டுக்கு அந்த வலு இல்லை.

ஒட்டும் ஒருமையும்

ஒட்டு வேலையே பாட்டைச் சிறப்பாக்கியது என்றால், அதே முறையில் செய்த மற்றவையும் அதே சிறப்பைப் பெற்றிருக்க வேண்டும். 1973இல் யெஸ் வெளியிட்ட ‘டேல்ஸ் ஃபிரம் டோபோகிராஃபிக் ஓஷன்ஸ்’ அதற்குச் சோதனையாக அமைந்தது. பரமஹம்ச யோகானந்தரின் ‘ஒரு யோகியின் சுயசரிதை’ நூலில் சாத்திரங்களைப் பற்றி வரும் ஓர் அடிக்குறிப்பைப் பிடித்துக்கொண்டு, இரண்டு தட்டுகளின் நான்கு பக்கங்களை நான்கே பாட்டுகளால் நிரப்பினர். பிரிட்டனில் அது விற்பனைப் பட்டியலின் முதலிடம் பெற்றது. ஆனால் பக்கத்தை நிரப்புவதற்காக இசை நீட்டப்பட்டது என்று குழுவுக்குள்ளிருந்தே வேக்மன் குறைபட்டார், 1974இல் விலகினார்.

இரண்டுக்கும் உள்ள வேறுபாடு நீளத்தில் இல்லை. ‘குளோஸ் டு தி எட்ஜ்’ பாட்டில் புதிதாக வரும் ஒவ்வொன்றும் முன்பு கேட்டதன் மறுபிறவி. தொடக்கக் களேபரம் இறுதியில் ஒழுங்காகிறது. ஒரு சிறு வரி ஒரு பகுதியாகிறது. நீரோசை வாசலாகவும் கதவாகவும் நிற்கிறது. துண்டுகளை ஒட்டியது பிளேடும் பட்டையும் என்றாலும், ஒன்றாக்கியது திரும்பிவரும் மெட்டு. அந்த மெட்டு தளர்ந்த இடங்களில் அடுத்த இசைத்தட்டு வெறும் தொகுப்பாகி நின்றது.

இதற்கு இன்னொரு சான்று மேடை. துண்டுகளாகப் பிறந்த பாட்டைக் குழுவினர் பிறகு முழுதாகக் கற்று, கச்சேரிதோறும் வாசித்தனர். 1973இல் வந்த ‘யெஸ்சாங்ஸ்’ நேரடிப் பதிவில் ஆலன் ஒயிட் டிரம்ஸ் வாசிக்க, பாட்டு ஒட்டுப்பட்டை எதுவுமின்றி முழுமையாக நிற்கிறது.

பின்வந்த தாக்கம்

இசைத்தட்டு அமெரிக்க விற்பனைப் பட்டியலில் 3ஆம் இடத்தையும் பிரிட்டனில் 4ஆம் இடத்தையும் தொட்டது. 1976-77இல் எழுந்த பங்க் இயக்கம் இத்தகைய நீண்ட பாட்டுகளை ஆடம்பரம் என்று ஒதுக்கியது. அந்த விமர்சனத்தில் நியாயம் இருந்தாலும், அது குறிவைத்தது இந்த முறையின் பலவீனமான படைப்புகளையே. பகுதிகளாகக் கட்டும் வழக்கம் நின்றுவிடவில்லை. குவீன் குழுவின் ‘பொஹீமியன் ராப்சடி’ (1975) அதை ஆறு நிமிடத்துக்குள் சுருக்கி உலகப் புகழ் பெற்றது. ரஷ் குழுவின் ‘2112’ (1976), டிரீம் தியேட்டரின் ‘எ சேஞ்ச் ஆஃப் சீசன்ஸ்’ (1995) ஆகியவை நீண்ட வடிவத்தைத் தொடர்ந்தன. ரேடியோஹெட்டின் ‘பாரனாய்டு ஆண்ட்ராய்டு’ (1997) வெவ்வேறு துண்டுகளை இணைத்துக் கட்டியது. யெஸ் குழு 2017இல் ராக் அண்ட் ரோல் ஹால் ஆஃப் ஃபேமில் சேர்க்கப்பட்டது.

இன்று வெட்டுவதற்குப் பிளேடு வேண்டாம். கணினியில் வெட்டியதை ஒரு தட்டலில் பழைய நிலைக்குக் கொண்டுவரலாம். துண்டுகளைச் சேர்ப்பது எளிதான அளவுக்கு, எந்தத் துண்டு எதற்காக அடுத்து வருகிறது என்று தீர்மானிக்கும் கட்டாயம் குறைந்துவிட்டது. 1972இல் ஒவ்வொரு வெட்டும் நாடாவை அறுத்தது. அறுக்கும் முன் ஐந்து பேரும் சண்டையிட்டார்கள். அந்தச் சண்டை குழு ஒருவரை இழக்கச் செய்தது. பாட்டில் தேவையற்ற துண்டு தங்காமல் காத்ததும் அதுவே.