பொது வானொலியும் எண்ணிக்கையின் அளவுகோலும்

மக்கள் பணத்திலும் நேயர்களின் நன்கொடையிலும் இயங்கும் வானொலி எதற்குக் கடமைப்பட்டுள்ளது? அமெரிக்கத் தலைநகர் வாஷிங்டனின் டபிள்யூ.ஈ.ரி.ஏ. நிலையத்தின் அனுபவம் இவ்வினாவை ஆராயத் தக்க சான்றாகும்.

1970இல் பண்பலையில் ஒலிபரப்பைத் தொடங்கிய இந்நிலையம், பல்லாண்டுகளாக மேலைத்தேயச் செவ்வியல் இசையின் இல்லமாக விளங்கியது. 2005 பெப்ரவரி இறுதியில் அவ்விசையைக் கைவிட்டு, செய்திக்கும் உரையாடலுக்கும் உரிய நிலையமாக மாறியது. நேயர் தொகையும் நன்கொடையும் குறைந்தமையே காரணமாகக் கூறப்பட்டது. இத்தகைய மாற்றங்களின் பின்னால் ஒரு கணக்கு உண்டு. தேசியப் பொது வானொலியின் காலை, மாலைச் செய்தி நிகழ்ச்சிகளுக்குத் திரளும் நேயர்களுள் பலர், இசை ஆரம்பித்ததும் விலகிவிடுகின்றனர். அவர்களை நாள் முழுவதும் தக்கவைத்தால் நன்கொடை பெருகும் என்பதே அக்கணக்கு.

செய்தியின் தேவையை நாம் மறுக்கவில்லை. 2001 செப்டெம்பர்த் தாக்குதல்களையும் 2003இன் ஈராக் போரையும் கண்ட ஒரு சமூகத்திற்கு நிதானமான செய்தி இன்றியமையாதது. ஆயினும் அதே நகரில் 88.5 அலைவரிசையில் டபிள்யூ.ஏ.எம்.யூ. என்னும் மற்றொரு பொது நிலையம் அப்பணியை ஏற்கெனவே ஆற்றிவந்தது. எனவே நகரம் புதிதாகப் பெற்றது சிறிது, இழந்தது பெரிது. செவ்வியல் இசை டபிள்யூ.ஜி.எம்.எஸ். என்ற வணிக நிலையத்தின் தயவில் விடப்பட்டது. 2007 ஜனவரியில் அந்நிலையமும் அதனைக் கைவிட்டது. வணிகத்தின் இயல்பு அது. அதனைக் குறைகூறிப் பயனில்லை. அதே மாதத்தில் டபிள்யூ.ஈ.ரி.ஏ. மீண்டும் இசைக்குத் திரும்பியது.

இத்திரும்புதல் வரவேற்கத்தக்கதே. எனினும், போட்டியாளர் விலகிய பின்னரே அது நிகழ்ந்தது என்பதை நாம் மறத்தலாகாது. நியூயோர்க்கின் டபிள்யூ.என்.வை.சி.யும் 2002இல் பகல் நேர இசையைக் குறைத்துச் செய்தியை விரிவாக்கியது, 2009இல் டபிள்யூ.கியூ.எக்ஸ்.ஆர். என்ற இசை நிலையத்தை வாங்கி இரண்டிற்கும் இடமளித்தது. அத்தகைய வசதி எல்லா நகரங்களுக்கும் வாய்ப்பதில்லை.

2025 ஜூலையில் அமெரிக்கக் காங்கிரஸ் பொது ஒலி, ஒளிபரப்புகளுக்கென ஒதுக்கியிருந்த ஏறத்தாழ 110 கோடி டொலரை மீளப்பெற்றது. நன்கொடையையே நம்பவேண்டிய நிலையில் எண்ணிக்கையின் அழுத்தம் மேலும் கூடும். அவ்வேளையில் நிர்வாகிகள் கேட்கவேண்டியது 'எம்மை எத்தனை பேர் கேட்கின்றனர்?' என்பது மட்டுமன்று. 'நாம் மௌனித்தால் இந்நகரில் வேறெங்கும் கிடைக்காது போவது எது?' என்பதுமாகும். பின்னைய வினாவிற்கு விடை இல்லாத நிலையம், எத்துணை நேயர்களைப் பெற்றிருப்பினும், பொது நிலையம் என்ற பெயருக்கு உரிமை கோர இயலாது என்பதே எமது கருத்தாகும்.