கதைப்பாடலில் போர்ச்செய்தி: மொழிபெயர்ப்பு நோக்கு

மதுரைத் திருமலை நாயக்கரின் (1623-1659) தளவாய் இராமப்பய்யனை இரண்டு கதைப்பாடல்கள் இருவேறு முகங்களில் காட்டுகின்றன. சேதுநாட்டு உரிமைப் பூசலில் சடைக்கத்தேவன்மீது அவன் நடத்திய படையெடுப்பைப் புகழ்ந்துரைப்பது ‘இராமப்பய்யன் அம்மானை’. வேணாட்டுப் படைத்தலைவன் கணியாகுளத்தில் கொல்லம் 810ஆம் ஆண்டில் (1634-35) வீழ்ந்ததைப் பாடுவது ‘இரவிக்குட்டிப்பிள்ளைப் போர்’. இதில் அதே மதுரைப் படை பகைப்படை.

இவற்றை அக்காலச் செய்தித்தாள் எனக் கூறுவது எளிது. 1643இல் அரசர் தரப்பில் ஆக்ஸ்போர்டிலிருந்தும் நாடாளுமன்றத் தரப்பில் இலண்டனிலிருந்தும் வெளிவந்த ஆங்கிலேய உள்நாட்டுப் போரின் செய்தி ஏடுகளுடன் ஒப்பிடலும் உண்டு. சார்பு இரண்டிற்கும் பொது. ஆனால் அவ்வேடு வாரந்தோறும் அச்சேறியது. மறுவாரம் தன் பிழையைத் திருத்தவும் வாய்ப்பிருந்தது. பாடலோ முடிவு தெரிந்தபின் பிறந்து, பாடுவோர் வாய்தோறும் மாறி வந்தது. அதனாலேயே தாயும் மனைவியும் கண்ட தீக்கனவுகள் போருக்கு முன்னே வந்து நிற்கின்றன. உடனிருந்தோர் கைவிட்டமையும் துண்டிக்கப்பட்ட தலை பகைவர் கையில் சேர்ந்தமையும் சொல்லும் பகுதியில்தான் தோற்ற நாட்டின் வழக்குரை கேட்கிறது. யார் வென்றார் என்பதைவிட யார் கைவிட்டார் என்பதே அப்பாடலின் கேள்வி.

மொழிபெயர்ப்போர் பெரும்பாலும் தலைகீழாக வெட்டுகின்றனர். பாளையக்காரர் பெயரடுக்கு, படை கடந்த ஊர்களின் வரிசை ஆகியவற்றைச் சலிப்பென நீக்கிவிட்டு, குருதியாறு, தலையற்ற உடல் ஆகிய வருணனைகளை விரிக்கின்றனர். பின்னவை எந்தப் போருக்கும் பொருந்தும் வாய்பாடுகள். கேட்போர் தம் ஊரையும் தம் குலத்தாரையும் அடையாளம் கண்டது முன்னவற்றில். செய்தி என ஒன்று உண்டெனில் அது அங்கேதான் உள்ளது. ‘தளவாய்’ என்பதை வெறும் ‘படைத்தலைவர்’ எனப் பெயர்ப்பதும் இழப்பே. ஆட்சிப் பொறுப்பும் அச்சொல்லில் அடங்கும்.

திருவனந்தபுரத்து ஆய்வாளர்க்கு இன்னொரு சிக்கலும் உண்டு. இரவிக்குட்டிப்பிள்ளை கதையைத் தமிழ் எனக் கொள்வோரும், மலையாளத்தின் ‘தெக்கன் பாட்டு’களுள் சேர்ப்போரும் உளர். கல்குளம், விளவங்கோடு வட்டங்கள் 1956 நவம்பர் 1இல் சென்னை மாநிலத்துடன் இணைந்தபின் இவ்வழக்கு மாநில எல்லையையும் சுமந்தது. பதிப்பாளர் ஒலிவடிவங்களை ஒரு மொழியின் எழுத்துமுறைக்கு இழுத்துச் சீராக்கும்போது, அரண்மனைப் பேச்சும் வில்லுப்பாட்டு மேடைப் பேச்சும் கலந்த நாஞ்சில் நாட்டு வழக்கு மறைகிறது. சுவடியின் கலப்பு வடிவத்தை மேலே நிறுத்தித் திருத்த வடிவத்தை அடிக்குறிப்பில் தருவதே மொழியியலார்க்குப் பயன்படும் பதிப்பு. பொதுவாசகர்க்கு அது கடினம் என்னும் தடை மெய்யே. அவர்க்குத் தனிப்பதிப்பு இருத்தல் தகும்.