முகலாயப் பேரரசின் சரிவும் ஜாகிர்ப் பற்றாக்குறை வாதமும்

1526இல் பானிபட் வெற்றியால் கால்கொண்ட முகலாய ஆட்சி, அக்பர் வகுத்த மன்சப்தாரி முறையால் பேரரசாக வலுப்பெற்றது. மன்சப்தார்கள் ஜாகிர் நிலவருவாயை ஊதியமாகப் பெற்றுப் படை திரட்டித் தந்தனர். தக்காணத்தவர் பெருமளவில் மன்சப்தார்களாகச் சேர்க்கப்பட, வழங்குதற்கு ஜாகிர் போதாமற் போனதே சரிவுக்கு வித்திட்டது என்பார் அதர் அலி. ஔரங்கசீப்பின் சமயக்கொள்கையை முதன்மைப்படுத்திய ஜதுநாத் சர்க்காரின் விளக்கத்தினும் இது வலியது. எனினும் ஒரு வினா எஞ்சுகிறது. பீஜப்பூரும் (1686) கோல்கொண்டாவும் (1687) வீழ்ந்து, அவற்றின் செழிப்பான நிலங்கள் கைவசமான பின்னர்ப் பற்றாக்குறை எங்ஙனம் நேர்ந்தது? வளமிக்க பகுதிகள் பல ஜாகிராக வழங்கப்படாமல், போர்ச்செலவுக்கென அரசின் நேரடிப் பொறுப்பில் நிறுத்தப்பட்டன என ஜே. எஃப். ரிச்சர்ட்ஸ் காட்டுகிறார். அப்போரின் தன்மைக்குச் செஞ்சி ஒன்றே போதிய சான்று. 1690இல் தொடங்கிய முற்றுகை 1698 வரை நீடித்தது. கோட்டை வீழுமுன்னரே மராத்திய மன்னர் ராஜாராம் தப்பிவிட்டார். ஆகவே பற்றாக்குறையை நிலத்தின் போதாமையாகக் கொள்வதினும், முடிவுறாப் போர் உண்டாக்கிய நெருக்கடியாகக் கொள்வதே பொருந்தும். ஆயினும் ரிச்சர்ட்ஸின் சான்றுகள் தக்காணம் சார்ந்தவை. அவத், பஞ்சாப் பகுதிகளில் முஸாபர் ஆலம் ஆராய்ந்த 18ஆம் நூற்றாண்டின் ஜமீன்தார் எழுச்சிகளையும் ஆளுநர்களின் தன்னாட்சிப் போக்கையும் அவற்றைக் கொண்டு மட்டும் விளக்க இயலாது.