மெல்வில் நம்பிய பனிக்கோட்டை

அமெரிக்க நாவலாசிரியர் ஹெர்மன் மெல்வில் 1851இல் வெளியிட்ட ‘மோபி டிக்’ கதையைப் போற்றுவோர் பலர். அதன் 105ஆம் அத்தியாயத்தை நின்று படிப்போர் சிலரே. திமிங்கில இனம் அழியுமா என்று அங்கே வினவி, அழியாது என விடை பகர்கின்றார் ஆசிரியர். இல்லினாய் நாட்டுக் காட்டெருமைகள் அழிந்த கதையை அவர் மறந்தாரில்லை. ஆயினும், 40 பேர் 48 மாதம் கடலில் அலைந்து 40 திமிங்கிலங்களைப் பிடித்தாலே பெரும்பேறு. பல்லில்லாத திமிங்கிலங்களோ, விரட்டினால் துருவப் பனிக்கோட்டைக்குள் புகுந்துகொள்ளும் என்பது அவர் வாதம்.

வேட்டைக் கப்பலில் தாமே சென்றவர் அவர், கணக்கில் குறையில்லை. படகும் கையீட்டியும் என்றும் மாறா என்று கொண்டதே குறை. வெடியீட்டிப் பீரங்கி வந்தது. பிடித்ததைக் கடலிலேயே மேலே இழுத்து அறுக்கும் ஆலைக்கப்பல் 1925இல் வந்தது. 1930-31 பருவத்தில் மட்டும் தென்துருவக் கடலில் 29,000க்கு மேற்பட்ட நீலத் திமிங்கிலங்கள் மடிந்தன. கோட்டையே கொலைக்களமாயிற்று!

எனினும், வாழிடமே அரண் என்று அவர் கண்டது மெய். பனி தானே காவல் நிற்கும் என்றதுதான் பொய்த்தது. 1994இல் அக்கடல் திமிங்கிலச் சரணாலயமாயிற்று. அதன் பின்னும், ஆராய்ச்சி என்னும் பெயரால் ஜப்பானிய வேட்டைக் கப்பல்கள் 2019 வரை அங்கே சென்று வந்தன. இன்று திமிங்கிலத்தின் இரையாகிய கிரில் என்னும், இறாலை ஒத்த சிற்றுயிரை வலைக்கப்பல்கள் அள்ளுகின்றன. சரணாலய விதி வேட்டையைத்தான் தடுக்கும். இரையைக் காப்பது அதன் எல்லைக்குள் இல்லை. மெல்விலின் அத்தியாயத்துக்கு இனி உரை எழுதுவோர் இதனையும் சேர்த்தெழுத வேண்டும்.