அப்பாவின் ஜோசியமும் மகனின் சிகாகோவும்

ஆயுத பூஜை அன்று அம்பத்தூர் எஸ்டேட் பக்கம் போயிருக்கிறீர்களா? கம்ப்யூட்டர் சொன்னபடி இரும்பை இழை பிசகாமல் சீவுகிற மெஷினுக்குச் சந்தனம், குங்குமம், பொரி, கடலை. வாசலில் பூசணிக்காய். நமக்கு இதில் எந்த விசித்திரமும் தெரியாது. தெரிய வேண்டுமானால் கொஞ்ச காலம் வேறு தேசத்தில் வாழ்ந்திருக்க வேண்டும்.

ஏ.கே.ராமானுஜன் வாழ்ந்தார். 1929-ல் மைசூரில், தமிழ் பேசும் குடும்பத்தில் பிறந்தவர். 1993-ல் இறக்கும்வரை சிகாகோ பல்கலைக்கழகத்தில் பேராசிரியர். 1962-ல் பழந்தமிழ் இலக்கணம் தேடி அங்கே நூலகத்தின் அடித்தளத்தில் இறங்கியவர் கையில் உ.வே.சா. பதிப்பித்த குறுந்தொகை கிடைத்தது. சங்கப் பாட்டு அவருக்கு அறிமுகமானது அமெரிக்காவில்!

'இந்தியச் சிந்தனை முறை என்று ஒன்று உண்டா?' என்று கேட்டு 1989-ல் ஆங்கிலத்தில் ஒரு கட்டுரை எழுதினார். அதன் கதாநாயகர் அவருடைய அப்பா. கணிதப் பேராசிரியர், ஜோசியத்திலும் புலி. வீட்டுக்கு வெளிநாட்டுக் கணித நிபுணர்களும் வருவார்கள், உள்ளூர் ஜோசியர்களும் வருவார்கள். நெப்டியூன், புளூட்டோவை எல்லாம் கண்டுபிடித்த பிறகு உங்கள் ஜோசியம் என்னாவது என்று மகன் மடக்கினால், கணக்கைத் திருத்திக்கொண்டால் போச்சு என்கிற ரீதியில் பதில் வரும்.

மகனுக்கு அப்போது எரிச்சல். பல வருஷம் வெளியே இருந்த பிறகு வேறு மாதிரி தோன்றுகிறது. அப்பா குழம்பவில்லை, எங்கே, எப்போது, யார் என்று இடம் பார்த்து யோசிக்கிற மரபு அது. எங்கும் எவருக்கும் ஒரே விதி என்பது மேற்கின் லட்சியம். நமக்கோ நேரம்கூட ஒரே சீராக ஓடுவதில்லை, ராகு காலம் தனி. எவ்வளவு அழகான விளக்கம்!

இது வரவு. பி.காம். படித்தவனாச்சே, பற்றும் எழுத வேண்டும்.

இடம் பார்ப்பது சரி. அந்த இடத்தை யார் தீர்மானிப்பது? ஜாதிக்கு ஜாதி வேறு தண்டனை சொன்ன மனுவை ராமானுஜனே உதாரணம் காட்டுகிறார். நம் அரசியல் சட்டம் அதைத் தள்ளிவைத்ததையும் சொல்கிறார். ஆனால், சில வரிகளில் தாண்டிப் போய்விடுகிறார். நிற்க வேண்டிய இடமே அதுதான்.

ஆவடியில் வாடகைக்கு வீடு கேட்டுப் போகிறவரிடம், "நீங்க என்ன ஆளுங்க?" என்று ஹவுஸ் ஓனர் மெதுவாகக் கேட்பாரே, அதுவும் இடம் பார்த்து யோசிப்பதுதான். கேட்பவருக்கு அது வழக்கம். பதில் சொல்கிறவருக்கு அவமானம்.

ஊரில் தனி டம்ளரில் டீ குடித்துவிட்டு எஸ்டேட்டுக்கு வேலைக்கு வந்தவரை நினைத்துப் பாருங்கள். இங்கே எல்லோருக்கும் ஒரே பஞ்சிங் கார்டு, ஒரே கேன்டீன் பெஞ்ச். சிகாகோ போகாமலே அவர் யோசனை மாறிவிட்டது. 'எவருக்கும் ஒரே விதி' அவருக்கு மேற்கத்திய சரக்கு இல்லை. ஊருக்குத் திரும்பிப் போகாமல் இருக்க அவர் வைத்திருக்கும் காரணமே அதுதான்.

ராமானுஜனை அவசியம் படியுங்கள். படிக்கும்போது, அந்த அப்பாவின் வீட்டுக்குள் நுழைய முடியாதவர் இதே கட்டுரையை எப்படி எழுதியிருப்பார் என்றும் கொஞ்சம் யோசியுங்கள்.