பாதி வசனம்

2019 ஏப்ரலுக்குப் பின்னர் எமது பிரதேசத்தில் எழுதப்பட்ட கவிதைகளை யாராவது ஒன்றுசேர்த்துப் பார்த்தால், அவற்றுட் பெரும்பாலானவை ஒரே கவிதைதான் என்பதைக் கண்டுகொள்வார். சமாதானம் என்ற சொல் முதலில் வரும். பிறகு வெண்புறா. பிறகு, கொன்றவன் எம்மவன் அல்லன் என்ற பிரகடனம். முடிவில் அல்-மாயிதா அத்தியாயத்தின் 32ஆம் வசனம். நானும் அப்படியொன்று எழுதினேன். கவியரங்கொன்றில் வாசித்துக் கைதட்டலும் பெற்றேன். ஆகவே இவ்விமர்சனம் முதலில் என் மீதானது.

அன்று பாண்டிருப்பிலிருந்து வந்திருந்த சக ஆசிரியர் ஒருவர், பஸ்ஸுக்குக் காத்துநிற்கும்போது சொன்னார்: "கவித நல்லாத்தான் இருக்கு சேர். ஆனா அவன்ட பயானக் கேட்ட பொடியன்மாரும் உங்கட தமிழத்தானே பேசுறாங்க. அவனுகளுக்கு இந்தக் கவித என்ன சொல்லுது?" அவர் குத்திக்காட்டுவதற்காகக் கேட்கவில்லை. என்னிடம் பதிலும் இருக்கவில்லை.

அக்கவிதைகளை எள்ளி நகையாடுவது என் நோக்கமன்று. அவை பிறந்த நாட்கள் அப்படிப்பட்டவை. உயிர்த்த ஞாயிறன்று 250க்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டு ஐந்தாம் நாள், ஏப்ரல் 26 வெள்ளிக்கிழமை இரவு, சாய்ந்தமருது வொலிவேரியன் கிராமத்தில், சுனாமியில் வீடிழந்தவர்களுக்கென்று கட்டப்பட்ட குடியிருப்பிலே, குண்டுகள் வெடித்தன. ஸஹ்ரானின் குடும்பத்தார் உள்ளே இருந்தனர். இறந்தவர்களுள் பிள்ளைகளும் உண்டு. புதிதாகக் குடிவந்தவர்கள் மீது சந்தேகம் கொண்டு தகவல் கொடுத்தவர்கள் எமது ஊர் மக்களே. தாக்குதல்தாரிகளின் உடல்களை எமது மையவாடிகளில் அடக்க இடமில்லை என்று அகில இலங்கை ஜம்இய்யத்துல் உலமா அறிவித்தது. அவ்வாரங்களில் அரபு எழுத்துள்ள நூல்களைப் புதைத்தவர்கள் எத்தனை பேர்! நானும் அலுமாரியின் ஒரு தட்டைக் காலியாக்கினேன். அப்படியான நேரத்தில் "அவன் எம்மவன் அல்லன்" என்பது உயிருக்கான கூக்குரல். கூக்குரலை யாப்பு வைத்து அளக்க முடியாது.

ஆனால் வருடங்கள் கடந்தும் நாம் அதே கூக்குரலையே இலக்கியமென்று பதிப்பித்துக் கொண்டிருக்கின்றோம். அங்கேதான் சிக்கல் தொடங்குகின்றது.

நாம் மேற்கோள் காட்டும் அந்த 32ஆம் வசனத்தையே எடுத்துக்கொள்வோம். அது இஸ்ராயீலின் சந்ததியினருக்கு விதிக்கப்பட்டதைக் கூறுமிடம். கொலைக்குப் பதிலாக, பூமியில் குழப்பம் விளைவித்ததற்காக என்ற இரு விலக்குகள் அதனுள்ளேயே இருக்கின்றன. அடுத்த வசனம் தண்டனைகளைப் பேசுகின்றது. எமது கவிஞர்கள் இவற்றையெல்லாம் நறுக்கிவிட்டு இனிப்பான நடுத்துண்டை மட்டும் வைக்கின்றனர். நல்லெண்ணத்தோடு செய்த வெட்டுத்தான். தீவிரவாதப் பிரசாரகர்களோ அத்-தவ்பா அத்தியாயத்தின் 5ஆம் வசனத்தை, அது இறங்கிய யுத்த, உடன்படிக்கைச் சூழலிலிருந்து பிய்த்தெடுத்து ஓதுகின்றனர். அடைக்கலம் கேட்டு வரும் இணைவைப்பாளனுக்கு அடைக்கலம் கொடுத்து, அவன் பாதுகாப்பாக இருக்குமிடத்தில் சேர்த்துவிடுமாறு கூறும் 6ஆம் வசனத்துக்கு அவர்கள் வருவதேயில்லை. அவர்கள் கையில் ஒரு பாதி, எமது கையில் இன்னொரு பாதி. இரண்டையும் கேட்கும் பதினேழு வயதுப் பொடியன் எதை வைத்துத் தீர்மானிப்பான்? குரல் உரத்தவரை வைத்துத்தான். முழுவதையும் வாசிக்கும் பழக்கத்தை அவனுக்கு யாரும் கொடுக்கவில்லை.

அப்படியானால் நம்பிக்கைதான் கொலைக்குக் காரணமா? சாய்ந்தமருதில் தகவல் கொடுத்தவர்கள் எதிர்கொண்டதும் அதே கிப்லாவைத்தான். மறுபக்கத்தில், 1990 ஓகஸ்ட் 3ஆம் திகதி இரவு காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்த நூற்றுக்கும் மேற்பட்டோரைச் சுட்ட புலிகள் எந்த வேதத்தையும் ஏந்தி வரவில்லை. 1959இல் பண்டாரநாயக்கவைச் சுட்டவர் ஒரு பௌத்த பிக்கு. அதற்குப் பின்னாலிருந்த அரசியற் பகையையும் வியாபார ஏமாற்றத்தையும் வகுப்பில் நாம் நிதானமாகவே விளக்குகின்றோம். பௌத்தத்தைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவதில்லை. அந்த நிதானத்தை எமக்கும் பிறர் தரவேண்டுமென்று கேட்பது நியாயமே. எனினும் திகனையும் அம்பாறையும் எரிந்த 2018இல், கொத்துரொட்டியில் கிடந்த மாவுக்கட்டியை மலட்டு மாத்திரையென்று கூறி அடித்தபோது, எம்மில் எத்தனை பேர் பௌத்தத்தையே திட்டி எழுதினோம் என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

ஆயினும் "மதத்துக்கும் இதற்கும் சம்பந்தமேயில்லை" என்று முடித்துவிடுவதும் ஒரு பாதி வசனமே. பக்தாதிக்கு விசுவாசப் பிரமாணம் செய்து ஒளிப்பதிவு விட்டுச்சென்றவர்கள், தம் செயலுக்கு மார்க்கத்தையே காரணமாகச் சொன்னார்கள். அது பொய் என்றால், அப்பொய் எம் மொழியில், எம் மேடைகளில், எம் காதுகளுக்குப் பழகிய ஓசையில் வளர்ந்தது. அந்தப் பயான்களை ஒரு பிரதியாக எடுத்து, அதன் சொல்லாட்சியை, அது யாரை "நாம்" என்றும் யாரை "அவர்கள்" என்றும் வைத்தது என்பதை ஆராய்ந்த கட்டுரைகள் எமது சஞ்சிகைகளில் எத்தனை? கவிதையில் படிமத்தைத் தேடித்தேடி விளக்கும் நாம், ஊரிலே அதிகம் கேட்கப்பட்ட இலக்கிய வடிவத்தை விமர்சனத்துக்கு அப்பால் விட்டுவிட்டோம். மௌலவிமாரின் பொறுப்பு என்று ஒதுங்கினோம்.

அரசும் இதே முறையில்தான் வாசித்தது. 2019 மே மாதம் ஹசலக்கவில் ஒரு பெண்ணின் உடையிலிருந்த கப்பற் சக்கரத்தைத் தர்மச்சக்கரமென்று வாசித்துக் கைது செய்தார்கள். சிலாவத்துறையைச் சேர்ந்த இளங்கவிஞர் அஹ்னாப் ஜஸீம் 2017இல் வெளியிட்ட 'நவரசம்' தொகுதி தீவிரவாதத்தைப் போதிக்கின்றதென்று 2020 மே மாதம் அவரைப் பயங்கரவாதத் தடைச்சட்டத்தில் பிடித்தார்கள். வன்முறையைக் கண்டிக்கும் கவிதைகள் அதே தொகுதியில் இருக்கின்றன. தமிழ் வாசிக்கத் தெரிந்த எவருக்கும் ஒரு பின்னேரம் போதும். அவருக்கோ பிணை கிடைக்கவே 2021 டிசம்பர் ஆயிற்று. விடுதலை 2023 டிசம்பரில். நம்பிக்கை உள்ளவன் எழுதினால் அது வெடிக்கும் என்ற முன்முடிவோடு நூலைத் திறந்தவர்களுக்குப் பக்கங்கள் தேவைப்படவில்லை.

அவர் உள்ளே இருந்த பத்தொன்பது மாதங்களில், தொகுதியை வரிவரியாக எடுத்து அது என்ன சொல்கின்றது என்று எழுதியிருக்க வேண்டியவர்கள் எம்மைப் போன்றவர்களே. தமிழ் படிப்பிக்கிறவன் நான். "நவரசம்" என்ற தலைப்பைப் பத்திரிகையில் பார்த்தேன், நூலைத் தேடவில்லை. தேடினால் வீட்டில் வைத்திருக்க வேண்டிவருமே என்ற பயம்.

என் சமாதானக் கவிதையைத் தொகுப்பொன்றுக்காக இவ்வருடமும் கேட்டார்கள். கொப்பியில் இருக்கின்றது. இன்னும் கொடுக்கவில்லை.