மேகத்துக்கு யார் வெள்ளையடிப்பது?

நாமக்கல் பக்கம் கோழிப்பண்ணை வைத்திருப்பவர்களைக் கேட்டுப் பாருங்கள். கோடை வந்தால் கூரைக்குச் சுண்ணாம்பு அடிப்பார்கள். வெள்ளைக் கூரை வெயிலைத் திருப்பி அனுப்பும். உள்ளே கோழிகள் கொஞ்சம் தாக்குப்பிடிக்கும்.

இதே வைத்தியத்தை பூமிக்கே பார்க்கலாம் என்கிறார்கள் சில விஞ்ஞானிகள். கூரைக்குப் பதில் கடல் மேல் மிதக்கும் மேகம். சுண்ணாம்புக்குப் பதில் கடல் உப்பு. 1990-ல் ஜான் லாதம் என்ற பிரிட்டிஷ் இயற்பியலாளர் 'நேச்சர்' இதழில் முன்வைத்த யோசனை இது. கடல்நீரை மிக நுண்ணிய துளிகளாகப் பீய்ச்சினால், உப்புத்துகள்கள் மேகத்துக்குள் போகும். மேகத்தில் இருக்கிற அதே ஈரம் நிறைய துளிகளாகப் பங்கு பிரியும். துளி சிறுத்தால் மேகம் இன்னும் வெளுக்கும். வெயில் வந்த வழியே திரும்பிப் போகும்.

'அட, நம்ம செயற்கை மழைதானே?' என்று நினைக்காதீர்கள். இது அதற்கு நேரெதிர். அங்கே துளியைப் பெரிதாக்கி விழ வைக்கப் பார்ப்பார்கள். இங்கே சிறிதாக்கி மினுங்க வைப்பார்கள். செயற்கை மழையே இன்னும் நம் சொல்பேச்சு கேட்பதில்லை என்பது வேறு விஷயம். 2025 அக்டோபர் 28-ல் டெல்லி மேல் விமானம் பறந்து ரசாயனம் தூவியது. மேகத்தில் ஈரம் போதவில்லை. சொல்லிக்கொள்ளும்படி மழை இல்லை.

அதற்காக லாதமின் யோசனை உளறல் என்று சொல்லிவிட முடியாது. கப்பல் புகை பல வருடங்களாக இந்த வேலையைத்தான் செய்துகொண்டிருந்தது. 2020-ல் கப்பல் எரிபொருளில் கந்தகத்தின் உச்சவரம்பை 3.5 சதவிகிதத்திலிருந்து 0.5 ஆகக் குறைத்தார்கள். காற்று சுத்தமானது. மேகங்களில் கப்பல்கள் போட்ட வெள்ளைக் கோடுகளும் குறைந்தன. கூடவே கொஞ்சம் குளிர்ச்சியும் போனது. ஆஸ்திரேலியாவில் பவளப்பாறைகளைக் காப்பாற்ற அதே வருடம் கடலில் உப்பு பீய்ச்சி சோதனை ஆரம்பித்தார்கள்.

பிறகென்ன பிரச்னை? காமர்ஸ் படித்தவன், கணக்காகவே சொல்கிறேன். காற்றில் சேர்ந்த கார்பன் டை ஆக்ஸைடு என்பது அசல். நூற்றாண்டுக் கணக்கில் நிற்கும். உப்புத்துகளோ சில நாட்களில் கீழே இறங்கிவிடும். அதனால் ஓயாமல் தெளித்துக்கொண்டே இருக்க வேண்டும். அசல் குறையாமல் வட்டி மட்டும் கட்டுகிற கதை. ஒரு நாள் நிறுத்தினால், அமுக்கி வைத்த சூடு சில வருடங்களுக்குள் மொத்தமாக வந்து கழுத்தைப் பிடிக்கும். மீட்டர் வட்டிக்காரன்கூட இத்தனை கறார் கிடையாது.

இன்னொன்று, பண்ணைக்காரர் தன் கூரைக்குத்தான் சுண்ணாம்பு அடிக்கிறார். மேகம் அப்படி இல்லை. ஆப்பிரிக்காவின் நமீபியா பக்கத்துக் கடலில் மேகத்தை வெளுத்தால், அட்லாண்டிக்கைத் தாண்டி அமேசானில் மழை குறையும் என்றது 2009-ல் வந்த ஒரு கணினி ஆய்வு. ஒருவர் வீட்டுக் குளிர்ச்சிக்கு இன்னொருவர் வீட்டு மழை!

சேலத்துக்கும் நாமக்கல்லுக்கும் இதில் என்ன சம்பந்தம் என்றால், மேட்டூர் அணைதான். குடகிலும் வயநாட்டிலும் தென்மேற்குப் பருவமழை பெய்தால்தான் அணை நிறையும். எங்கோ ஒரு நாடு தன் வெயிலுக்கு மேகத்தை வெளுத்து, இங்கே மழை பொய்த்தால், யார் மீது வழக்குப் போடுவது? அந்த மேகம்தான் காரணம் என்று எப்படி நிரூபிப்பது? அணை எங்கே இருக்கிறது, மதகு யார் கையில் என்று ஊருக்கே தெரிந்த காவிரி வழக்கே என்ன பாடு பட்டது? நடுவர் மன்றம் அமைந்தது 1990-ல். சுப்ரீம் கோர்ட்டின் இறுதித் தீர்ப்பு 2018-ல். மதகே இல்லாத ஆகாயத்துக்கு எத்தனை தலைமுறை ஆகும்?

2024-ல் அமெரிக்காவில், கலிஃபோர்னியாவின் அலமேடா நகரில் ஒரு பழைய போர்க்கப்பலின் மேல்தளத்திலிருந்து உப்பைப் பீய்ச்சிப் பார்த்தார்கள். உடம்புக்குப் பெரிய ஆபத்தில்லை என்று நிபுணர்கள் சொன்ன பிறகும், நகரசபை 'வேண்டாம்' என்று நிறுத்திவிட்டது. எங்களிடம் ஒழுங்காகச் சொல்லவில்லையே என்பது அவர்கள் கோபம்.

ஆராய்ச்சி நடக்கட்டும். தெரிந்து வைத்துக்கொள்வதில் தப்பில்லை. ஆனால், அலமேடா நகரசபைக்கு இருந்த 'வேண்டாம்' என்கிற உரிமை மேட்டூர்த் தண்ணீரை நம்பி நாற்று விடுகிறவருக்கும் வேண்டும். நாமக்கல்லில் ஃபைனான்ஸில் ஒரு லாரி எடுத்தாலே ஜாமீன்தாரர் கையெழுத்து கேட்கிறார்கள். பருவமழையை அடமானம் வைக்கிற கடனுக்கு நம்மிடம் ஒரு வார்த்தை கேட்க வேண்டாமா?